காட்டு உணவும் மலைமக்கள் அறிவும்



கருணைக்கிழங்கைச் சமைக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவரிடம், அதில் ஏன் புளி சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், நாக்கு அரிக்காமல் இருப்பதற்கு என்று உடனே விடை வரும். அவர் மும்பையில் வாழ்ந்தாலும் தில்லியில் வாழ்ந்தாலும் இந்த விடை மாறாது. அந்தக் கிழங்கில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன என்பதும், கால்சியமும் ஆக்ஸாலிக் அமிலமும் சேர்ந்து அவை உண்டாகின்றன என்பதும் விஞ்ஞானம் பிற்காலத்தில் கண்ட செய்திகள். அவற்றை அறியாமலே நம் பாட்டிமார் கிழங்கைச் சில நாள் வைத்திருந்து, அரிசி கழுவிய நீரில் வேகவைத்து, புளி கூட்டிக் குழம்பாக்கினர். எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்படாத அறிவு இது. ஒரு காலத்தில் மனிதர் யாவரும் காட்டை நம்பி வாழ்ந்தனர் அல்லவா? அக்காலத்து அறிவின் ஒரு சிறு துளி நம் சமையலறையில் இன்னும் தங்கியிருக்கிறது.

அந்த அறிவைத் துளியாக அன்றிப் பெருஞ்செல்வமாகவே காத்து வந்திருக்கும் மக்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றனர். அவர்கள் காட்டில் கண்டெடுக்கும் உணவையும், அதனை உண்ணத் தகுந்ததாக்கும் முறையையும் இன்று சற்று ஆராய்வோம்.

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களும் சோலைக் காடுகளும் சூழ அமைந்த ஊர். மாடுகளை அடைக்கும் பட்டி என்ற பொருளைப் பெயரே காட்டிவிடுகிறது. 1963-இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் சேர்ந்து கால்நடை அபிவிருத்தித் திட்டம் ஒன்றை இங்கே தொடங்கியபோது, பழைய பெயர் புதிய பொருத்தம் பெற்றது. சுற்றிலும் உள்ள தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னர் மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். நேயர்களாகிய உங்களைப் போலவே வேற்று மாநிலத்தில் வேரூன்றிய தமிழர்கள் அவர்கள்.

ஆனால் அவர்களுக்கும் முன்னரே அம்மலைகளில் குடியிருந்தோர் முதுவர் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து தெய்வத்தின் திருவுருவத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்ததால் தங்களுக்கு இப்பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அவர்களுடைய பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. தங்கள் சிற்றூரைக் ‘குடி’ என்றே அழைக்கின்றனர். மாட்டுப்பட்டியிலிருந்து வடக்கே நோக்கினால் இரவிகுளம், மறையூர், சின்னாறு என்று மலைகள் தொடர்கின்றன. அவற்றுக்கு வடமேற்கே ஆனைமலையின் மறுபுறம் பாலக்காட்டு மாவட்டத்தின் பறம்பிக்குளமும் நெல்லியாம்பதியும் உள்ளன. அங்கே காடர் என்போர் வாழ்கின்றனர். பாலக்காட்டுக் கணவாயையும் கடந்து வடக்கே சென்றால் அட்டப்பாடி. அங்கே இருளரும் முடுகரும் குறும்பரும் வாழ்கின்றனர். இந்த மலைவரிசையே நம் பேச்சின் களம்.

இம்மக்கள் அனைவரும் ஒரே வகையாக உணவு தேடுபவர் அல்லர். முதுவர் கேழ்வரகு விளைவிப்பதில் தேர்ந்தவர்கள். கேழ்வரகு மாவைக் கிண்டிச் செய்யும் கட்டியே அவர்களுடைய தலையாய உணவாக இருந்து வந்தது. காட்டுக் கீரையும் கிழங்கும் தேனும் அதற்குத் துணையாயின. காடரோ பண்டு தொட்டே காட்டுக் கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள். மானிடவியல் அறிஞர் ஏரன்பெல்ஸ் கொச்சிக் காடரைப் பற்றி எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1952-இல் வெளியிட்டது. உழவுத் தொழிலைப் பெரிதும் நாடாமல் ஒரு சமூகம் காட்டில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய அந்நூல் இன்றும் பயன்படுகிறது.

காட்டில் கிடைப்பதைப் பறித்துத் தின்பதற்கு என்ன அறிவு வேண்டும் என்று சிலர் எண்ணலாம். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்குக் கிழங்கு ஒன்றே போதும்.

வள்ளி, கவலை, நூறை என்றெல்லாம் இடத்துக்கு இடம் பெயர் மாறி வழங்கும் கிழங்குகள் யாவும் கொடியினத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் இவ்வினத்தை டயாஸ்கோரியா என்பர். கோடை மழையில் இவை துளிர்க்கும். பருவமழைக் காலம் முழுதும் கொடி மரத்தின் மேல் ஏறிப் படரும். மழை ஓய்ந்து பனிக்காலம் வந்ததும் இலை பழுத்து உதிரும். கொடி காய்ந்த பின்னரே கிழங்கு முற்றி மாவு நிறைந்திருக்கும். மறுபடி துளிர் விட்டுவிட்டால், சேர்த்து வைத்த மாவெல்லாம் துளிருக்குச் சென்று கிழங்கு சுவை கெடும். ஆகவே இலை இல்லாத காலத்தில்தான் கிழங்கைத் தோண்ட வேண்டும். இலை இல்லாதபோது கொடியை இனம் காண்பது எப்படி?

இங்கேதான் மலைமக்களின் கண் வேலை செய்கிறது. கொடி, கொம்பை வலமாகச் சுற்றுகிறதா, இடமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கின்றனர். தண்டில் முள் உண்டா, உண்டெனில் அடியில் மட்டுமா, மேலேயுமா என்று தடவிப் பார்க்கின்றனர். கீழே உதிர்ந்து கிடக்கும் சருகைப் புரட்டி, ஒரு காம்பில் ஓர் இலையா, மூன்று இலையா, ஐந்து இலையா என்று அறிகின்றனர். கொடி சுற்றும் திசையைக் கொண்டு இவ்வினத்தைப் பிரிப்பது தாவர நூலார் இன்றும் கையாளும் முறையாகும். ஏட்டில் அது எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே காட்டில் அது வழக்கில் இருந்தது.

நல்ல கிழங்குகள் பலவும் மண்ணுள் ஆழ இறங்குவன. கூர்முனைக் கோல் கொண்டு, ஆள் பாதி மறையும் அளவுக்குக் குழி பறித்தாலன்றிச் சில கிழங்குகள் கைக்கு வரா. கவலைக் கிழங்கு அகழ்ந்த குழியைக் குறுந்தொகையின் 233-ஆம் பாட்டும் குறிப்பிடுகிறது. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், புறநானூற்றின் 109-ஆம் பாட்டில், உழவரின் உழைப்பின்றியே அம்மலை தரும் பொருள்கள் நான்கு என்று மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றை எண்ணிக் காட்டுகிறார். நாம் புலவர் வாக்கில் மட்டும் காணும் அப்பொருள்கள் நான்கும் இம்மலைகளில் இன்றும் உண்ணப்படுகின்றன. அவை உழாமல் விளைபவையே ஆயினும், உழைப்பில்லாமல் உணவாவதில்லை.

தோண்டிய பின்னும் ஒரு கடமை இருக்கிறது. கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை வெட்டி, மீண்டும் குழியிலே வைத்து மண்ணை மூடுவது கிழங்கு அகழும் குடிகளின் வழக்கம். அடுத்த ஆண்டு அது மறுபடி துளிர்க்கும். இதனை உழவு என்று சொல்ல முடியாது. வெறும் வேட்டை என்றும் சொல்ல முடியாது. இன்று எடுப்பவர் நாளை வருபவருக்கும் வைத்துச் செல்லும் முறை என்றே இதனைக் கூற வேண்டும்.

இனி நஞ்சைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இக்கிழங்கினத்தில் ஒன்று, ஒரு காம்பில் மூன்று இலை உடையது; தண்டில் முள் உடையது. அதன் கிழங்கு பெரியது. அன்றியும் மண்ணின் மேற்பரப்புக்கு அருகிலேயே இருப்பதால் எளிதில் அகழலாம். பசித்தவன் கண்ணுக்கு அது பெரும் புதையலாகத் தோன்றும். ஆயினும் அதில் டயாஸ்கோரின் என்னும் நஞ்சு இருக்கிறது. அப்படியே வேகவைத்து உண்டால் வாந்தியும் மயக்கமும் வரும். உயிருக்கும் கேடு நேரலாம். ஆழத்தில் ஒளிந்திருப்பது நல்லதாகவும், கைக்கு எட்டுவது நஞ்சாகவும் இருப்பதைக் காட்டின் சோதனை என்றே சொல்லலாம்.

ஆனால் பஞ்ச காலத்தில் மலைமக்கள் இதனையும் விட்டுவிடவில்லை. தோலை அகற்றி, மெல்லிய வில்லைகளாகச் சீவி, கூடையிலிட்டு ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, நஞ்சு நீங்கிய பின்னரே சமைத்தனர். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இதே கிழங்கை இவ்வாறே பக்குவம் செய்து உண்கின்றனர். ஈந்து என்னும் மரத்தின் கொட்டைக்கும் இத்தகைய பக்குவமே உரியது. மலபார்ப் பகுதியில் அதனைப் பிளந்து, வெயிலில் உலர்த்தி, பல நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி மாவாக்குவர். ஒரு படியைத் தவறவிட்டாலும் அது உணவாகாது.

நேயர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. நான் சொல்வது செய்முறைக் குறிப்பு அன்று. எத்தனை நாள் ஊறவைப்பது, எந்த நிறம் மாறினால் போதும், எந்தச் சுவை எஞ்சினால் எறிந்துவிட வேண்டும் என்பவற்றை அருகிலிருந்து கற்றாலன்றி அறிய இயலாது. ஆதலால் எவரும் கேட்டதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாகாது.

அப்படிச் சோதித்தவர் கதி என்னவாயிற்று என்பதற்கு ஆஸ்திரேலிய நாட்டு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1861-இல் பர்க், வில்ஸ் என்ற இரு நாடாய்வாளர் அக்கண்டத்தின் உட்பகுதியில் உணவின்றித் தவித்தனர். அவ்விடத்துப் பழங்குடியினர் நார்டூ என்ற ஒரு நீர்ச்செடியின் வித்தை உணவாகக் கொண்டிருந்தனர். நம் வயல்களில் வளரும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடி அது. இவர்களும் அதனைச் சேகரித்து அரைத்து வயிறு நிறைய உண்டனர். ஆனால் நாளுக்கு நாள் மெலிந்து இறந்து போயினர். வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் ஒன்று அச்செடியில் இருக்கிறது என்றும், பழங்குடியினர் செய்த பக்குவத்தை முழுமையாகச் செய்யாமல் உண்டதே கேட்டுக்குக் காரணம் என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் விளக்குகின்றனர். அவர்களுடன் சென்ற கிங் என்பவர் அப்பழங்குடியினரையே அண்டி, அவர்கள் பரிவால் உயிர் பிழைத்தார். வயிறு நிறைந்திருந்தும் அவ்விருவர் மாண்டனர். அவர்களுக்குக் கிடைக்காமற்போனது உணவன்று; அதனை உணவாக்கும் அறிவு.

மீண்டும் நம் மலைக்கு வருவோம். கிழங்கு போலவே மாவு தரும் பொருள்கள் வேறு இரண்டும் உள்ளன. ஒன்று கூவைக்கிழங்கு. அதனைத் துருவி நீரில் கரைத்து வடிகட்டி, மாவு அடியில் படிந்ததும் மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் விடுவர். கசப்பு நீங்கும்வரை பலமுறை இவ்வாறு செய்தால் வெண்மையான மாவு கிடைக்கும். கேரளத்தில் திருவாதிரை நோன்பின்போது வீடுகளில் இம்மாவைக் களியாகக் கிண்டுவது உண்டு. மற்றொன்று கூந்தற்பனையின் உள்ளீடு. இந்தப் பனை வாழ்நாளெல்லாம் தண்டில் மாவைச் சேர்த்து வைத்து, இறுதியில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக் காய்த்து மடியும். பூத்துவிட்டால் மாவு கரைந்துவிடும். ஆகையால் பூக்கும் பருவத்தை முன்னரே கணித்து, தண்டைப் பிளந்து, சோற்றை இடித்து, நீரில் அலசி மாவெடுப்பர்.

மூங்கில் அரிசியின் செய்தி இன்னும் வியப்பானது. நம் மலைகளின் முள்மூங்கில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஒரு பிரதேசத்து மூங்கில்கள் ஒருசேரப் பூத்து, நெல்லைச் சொரிந்து, பின் யாவும் மடியும். அடியில் பெருக்கிக் கொண்டுவந்து உமி நீக்கிச் சமைப்பர். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே காணக்கூடிய விளைச்சல் இது. இதனை எப்படிக் கையாள்வது என்பதை முந்தைய பூப்பைக் கண்ட முதியவர்தாம் சொல்ல முடியும். எலிகள் பெருகும் என்பதையும் அவர்களே அறிவர். வடகிழக்கே மிசோரத்தில் வேறொரு மூங்கில் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 1959-இல் அது பூத்தபோது எலிகள் பெருகிப் பயிரை அழிக்க, பெரும் பஞ்சம் வந்தது. வரப்போவதை முதியோர் முன்கூட்டியே எச்சரித்தும் அது போதிய அளவு செவியேறவில்லை. அப்பஞ்சத்தின் கசப்பு 1966-இல் அம்மலைகளில் மூண்ட கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று.

கிழங்கு அகழ்வதில் ஆடவரும் பெண்டிரும் சேர்ந்தே பாடுபடுவர். கீரையின் அறிவோ பெரும்பாலும் பெண்களுடையது. ஆடி மாதத்து அடைமழையில், பழைய தானியம் தீர்ந்து புதிய தானியம் வராத காலத்தில், குடும்பத்தைக் காப்பவை கீரைகளும் காளான்களும் மூங்கிற் குருத்துமே. முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி, தகரை, பொன்னாங்கண்ணி, புளியாரை, காட்டுச் சேம்பின் இளந்தண்டு, ஓடைக்கரையில் வளரும் ஒருவகைப் பெரணியின் சுருண்ட குருத்து என்று பட்டியல் நீளும். தகரை இளங்கொழுந்தாக இருக்கும்போதே உண்ணத் தகும். பெரணிகளில் உண்ணத்தக்கது எது, தகாதது எது என்று பிரித்தறிய வேண்டும். மூங்கிற் குருத்தில் சயனைடு நஞ்சை விளைவிக்கும் பொருள் உள்ளது; ஆதலால் அதனை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும். சேம்புக்கு, நம் கருணைக்கிழங்குக்குப் போலவே, புளி வேண்டும். இப்பெயர்களில் பாதியாவது உங்கள் வீட்டு மூதாட்டியாருக்குத் தெரிந்திருக்கும். மலையில் வாழ்ந்தவரும் சமவெளியில் வாழ்ந்தவரும் உணவில் அவ்வளவு தொலைவில் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய உணவில் சத்து உண்டா என்று கேட்கலாம். கேழ்வரகை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேலான சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீரைகள் இரும்புச் சத்தும் வைட்டமின்களும் தருவன. கிழங்கு உடலுக்கு வலிமை தரும்; கீரை குருதிக்கு வளம் தரும்; தேனும் நெல்லிக்கனியும் அவற்றோடு சேரும். பலவகை உணவை மாற்றி மாற்றி உண்ண வேண்டும் என்று இன்றைய மருத்துவர் கூறுவதை, காட்டின் பருவங்களே அம்மக்களுக்குப் பழக்கியிருந்தன.

அந்த வாழ்வு எவ்வாறு குலைந்தது? 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து உரிமையாகப் பெற்றார். சிங்கோனாவும் காப்பியும் தேயிலையும் அடுத்தடுத்து வந்தன. பின்னர் மின்சாரத்திற்காக அணைகள் எழுந்தன. மாட்டுப்பட்டி அணையும் அவற்றுள் ஒன்று. ஒதுக்கப்பட்ட காடுகளில் தேக்கும் தைலமரமும் நடப்பட்டன. பறம்பிக்குளத்தில் அணைகள் கட்டப்பட்டபோது காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. இவற்றால் நாடு பெற்ற பயனை நாம் மறுக்கவில்லை. தேயிலையும் மின்சாரமும் எத்தனையோ குடும்பங்களை வாழ வைத்தன. நம்மவரும் அவ்வாறு வாழ்ந்தவரே. ஆனால் தேயிலை வரிசையின் நடுவே கவலைக் கொடி படர்வதில்லை. தைலமரத்தின் அடியில் கீரை செழிப்பதில்லை. நாடு பெற்ற பயனுக்காகத் தம் உணவை இழந்தவர் யார் என்று கணக்குப் பார்க்கும்போது, அவர்களுள் முதலில் நிற்பவர் இம்மலைமக்களே.

காட்டு உணவு குறையக் குறைய, நியாயவிலைக் கடை அரிசி அதன் இடத்தைப் பிடித்தது. அவ்வரிசி பட்டினியைத் தடுத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அரிசி ஒன்றே உணவாகிவிட்டால் வயிறு நிறையும், உடல் நிறையாது. 2013-இல் அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் இரத்தசோகையும் சத்துக் குறைவும் முக்கியக் காரணங்களாகச் சுட்டிக் காட்டப்பட்டன. தினையும் சாமையும் கேழ்வரகும் துவரையும் ஒரே கொல்லையில் விளைந்த ஊர்களில், சுற்றிலும் கீரை அறிந்த மூதாட்டியர் வாழ்ந்த ஊர்களில், இது நேர்ந்தது. நிலம் கைமாறியது, காட்டுக்குள் செல்வது கடினமாயிற்று, இளைய தலைமுறை கூலிக்குச் சென்றது. இவை மூன்றும் சேர்ந்தபோது அறிவும் உணவும் ஒருங்கே நழுவின.

இழந்ததை மீட்கும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. அட்டப்பாடியில் சிறுதானியங்களை மறுபடி பயிரிடுவதற்கான திட்டம் ஒன்றைக் கேரள அரசு 2017-இல் தொடங்கியது. மறையூரை அடுத்த சின்னாற்றுக் காட்டிலுள்ள தாயண்ணன்குடியில் பழைய கேழ்வரகு வகைகள் மீண்டும் விதைக்கப்பட்டன. மூணாற்றுக்கு அப்பாலுள்ள இடமலைக்குடி, முதுவர் வாழும் குடிகளையே கொண்டு, 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சி ஆயிற்று.

சட்டமும் ஒரு துணையாக வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்து வந்த சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வனவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. தங்கள் மரபு அறிவின் மீதும் அவர்களுக்குச் சமுதாய உரிமை உண்டு என்றும் அது கூறுகிறது. 2014-இல் வாழச்சால் பகுதியிலுள்ள காடர் ஊர்களுக்கு இச்சட்டத்தின் கீழ்ச் சமுதாய வன உரிமை வழங்கப்பட்டது.

அறிவின் மீதுள்ள உரிமை என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறி முடிவை நோக்கிச் செல்கிறேன். இதற்காக நாம் இடுக்கியிலிருந்து தெற்கே, அகத்தியமலைக்குச் செல்ல வேண்டும். 1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் அம்மலையில் ஆய்வு செய்தனர். வழிகாட்டிகளாகச் சென்ற காணிக்காரர் மலையேற்றத்தில் சிறிதும் களைப்படையவில்லை. அவ்வப்போது ஒரு செடியின் சிறு காய்களைத் தின்றுகொண்டே நடந்தனர். விஞ்ஞானிகளும் தின்று பார்த்தபோது அவர்களுடைய களைப்பும் நீங்கியது. முதலில் தயங்கிய காணிக்காரர் பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995-இல் அதனைச் செய்யும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997-இல் அவர்களுடைய அறக்கட்டளை ஒன்றும் அமைந்தது. பழங்குடியினரின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட முயற்சிகளுள் உலகிலேயே முற்பட்டது என இது பேசப்படுகிறது. நடைமுறையில் இதற்குத் தடைகள் பல நேர்ந்தன. அச்செடியைக் காட்டில் பயிரிட்டுக் கொடுப்பதில் சிக்கல் எழுந்தது. வருவாய் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. ஆயினும் ஒரு நியாயம் நிலைநாட்டப்பட்டது. வழிகாட்டி வெறும் சுமைகூலி அல்லர், ஆசிரியர் என்ற நியாயமே அது.

இந்த நியாயத்தை மருந்துக்கு ஒப்புக்கொண்ட நாம் உணவுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்துச் செடியைத் தேடி விஞ்ஞானியும் வணிகரும் வருவர். வள்ளிக்கிழங்கைத் தேடி எவரும் வருவதில்லை. ஆகவே அதன் அறிவு ஓசையின்றி மறையும். கிழங்கின் படத்தையும் பெயரையும் ஏட்டில் பதித்துவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. தோண்டும் கைக்கும், ஊறவைக்கும் ஓடைக்கும், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கும் இடம் இருந்தால்தான் அந்த அறிவு உயிரோடிருக்கும். கொடி படரும் காடும், அக்காட்டில் நுழையும் உரிமையும், சொல்லித் தரும் முதியவருக்குரிய மதிப்பும் ஒருங்கே காக்கப்பட வேண்டும். இவற்றில் ஒன்று போனாலும் மற்றவை நில்லா.

தொலைவில் வாழும் நாம் இதற்கு என்ன செய்ய இயலும்? சில சிறு காரியங்கள் இயலும். மலைத்தேனோ கூவை மாவோ வாங்கும்போது, பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கங்கள் விற்பதைத் தேடி வாங்கலாம். மூணாற்றுக்கு உல்லாசப் பயணம் செல்வோர், அம்மக்களைக் காட்சிப் பொருளாகக் கருதாமல், அம்மலையின் மூத்த குடிகள் என்று மதித்து நடக்கலாம். காட்டில் கிழங்கு தின்போர் என்று இகழ்ந்து பேசும் வழக்கத்தை நம் பிள்ளைகளிடம் வளரவிடாமல் தடுக்கலாம்.

நம் வீட்டிலும் ஒரு பணி இருக்கிறது. ஊரைவிட்டு வந்தவர்கள் முதலில் மறப்பது பாட்டன் பெயரை அன்று, கீரையின் பெயரை. தில்லியின் சந்தையிலும் கொல்கத்தாவின் சந்தையிலும் அதே கீரைகள் வேறு பெயரில் விற்கப்படுகின்றன. வீட்டிலுள்ள முதியவரை அழைத்துச் சென்று, இது என்ன, இதனை எப்படிச் சமைப்பது, எப்போது உண்ணலாகாது என்று கேட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தம் வீட்டு அறிவின் அருமையை உணர்ந்தவர்க்கே, மலைமக்களின் அறிவு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.